சாய்ஸில் விட்டது

முப்பிடாதி பேசிய இங்கிலீஷைக் கேட்டு ஹெப்சிபா டீச்சருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பு மொத்தம் ஏழு நிமிடம் நீடித்தது.

பதினோரு மாதத்துக்கு முன்புவரை முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் முப்பிடாதி. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோனது. இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பீடிக்கட்டின் லேபிளில் இருந்த நாலு எழுத்து. அதே முப்பிடாதி இப்போது விடுப்பில் வந்து, பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில், மொழிவார்ப்பகத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, தான் வேலை பார்க்கும் குளிர்நாட்டுக் கடலோர ஊரைப் பற்றியும், அங்குள்ள சலவை ஆலையைப் பற்றியும், ஆஸ்பத்திரிகளிலிருந்து வண்டி வண்டியாக வந்திறங்கும் படுக்கை விரிப்புகளைப் பற்றியும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். எழுவாய் முன்னால் வந்தது. வினை அதன் முதுகைத் தொட்டுக்கொண்டு வந்தது. மற்றவையெல்லாம் வரிசை கலையாமல் பின்னால் வந்தன. தமிழில் வாக்கியத்தின் கடைசியில் சாவகாசமாக வந்து உட்காரும் வினைச்சொல்லை இழுத்துவந்து இரண்டாவது இடத்தில் நிறுத்துவதற்காக ஹெப்சிபா டீச்சர் முப்பத்தோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அப்படியும் நாற்பது பேரில் நாலு பேருக்குத்தான் அது நின்றது. இவளுக்கோ பதினான்கே நாளில் வந்துவிட்டது.

இந்த அதிசயத்துக்குப் பெயர் வார்ப்பு. செய்முறையைச் சொல்லப்போனால் எளிமையானதுதான். நன்றாக இங்கிலீஷ் பேசும் ஒருவர் தலையில் தொப்பி ஒன்றை மாட்டி, அவர் வாக்கியத்தை அடுக்கும்போது மூளையில் எந்த வழியாக என்ன ஓடுகிறது என்று முதலில் பதிந்துகொள்வார்கள். பிறகு அந்த வழியை அப்படியே இன்னொருவர் மூளையில், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் உட்காரவைத்து, பதித்துவிடுவார்கள். சொற்களைக் கைபேசியைப் பார்த்து யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அவற்றை அடுக்குவதுதான் வராது. அந்த அடுக்கைத்தான் வார்ப்பு கொடுத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அதைப் பெற்றுக்கொண்டு கடல் தாண்டிப் போயிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அடுக்கு கொடுத்த தலை ஹெப்சிபா டீச்சருடையது. வார்ப்பகத்தை நடத்திய இத்ரீஸ் அவருடைய பழைய மாணவன். மேலப்பாளையத்துப் பையன். ஓய்வுபெற்று வீட்டில் குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்த டீச்சரைத் தேடிவந்து, "உங்க இங்கிலீஷ் மாதிரி சுத்தமான இங்கிலீஷ் எனக்கு வேற எங்கேயும் கெடைக்காது டீச்சர்" என்று சொல்லி அழைத்து வந்தவன். அந்த ஒரு வார்த்தைக்கு டீச்சர் மயங்கிப்போனார். மயங்காமல் என்ன செய்வார், முப்பத்தோரு வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லையே.

ஆக, முப்பிடாதி பேசப் பேச, தன் வாக்கியங்களே வேறொருத்தி வாயிலிருந்து அச்சுப் பிசகாமல் வருவதைக் கேட்டு டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் முப்பிடாதியின் பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் மகள் வாயைத் திறந்தாள்.

ஆவுடைக்குப் பதினான்கு வயது. கொடுத்த மோர் டம்ளரைத் தொடவேயில்லை.

"டீச்சர், எங்கம்மாவ என்ன பண்ணினீங்க?"

"என்னம்மா கேக்க? உங்கம்மா எவ்வளவு அழகா பேசுதா பாத்தியா?"

"பேசுதா. என்கிட்ட ஏதாச்சும் கேக்கச் சொல்லுங்க பாப்போம்."

டீச்சர் சிரித்தார். சின்னப் பிள்ளையின் ரோஷம் என்று நினைத்துக்கொண்டார். "முப்பிடாதி, பிள்ளை ஏங்கிப்போயிருக்கா. பதினோரு மாசம் கழிச்சு வந்திருக்க. ஏதாச்சும் கேளேன்."

முப்பிடாதி மகளைப் பார்த்தாள். பாசத்தோடுதான் பார்த்தாள், அதில் சந்தேகமில்லை. அவள் உதடு லேசாகத் துடித்தது. நெற்றி சுருங்கியது. எதையோ தேடுகிறவள்போல இரண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"ஆவுடை நல்லா இருக்கா. சாப்ட்டிருப்பா. பள்ளிக்கூடம் போயிருப்பா."

"பாத்தீங்களா?" என்றாள் ஆவுடை. "போன்லயும் இப்படித்தான். பதினோரு மாசமும் இப்படித்தான். முன்னால எல்லாம் நான் தெருமுக்குல வரும்போதே, ஏட்டி சாப்ட்டியா, ஏன் மூஞ்சி வாடியிருக்கு, யாரு என்ன சொன்னானு உசுர வாங்குவா. இப்ப நீ சாப்ட்டிருப்பங்கா. நீ தூங்கியிருப்பங்கா. எல்லாம் அவளே சொல்லிக்கிடுதா. நான் எதுக்கு?"

"வேலைக் களைப்பா இருக்கும்மா…"

"நான் ஆடி மாசத்துல இருந்து பள்ளிக்கூடம் போகலை டீச்சர்."

ஆவுடையே தொடர்ந்தாள். அப்பா திருப்பூருக்குப் போனவர் போனவர்தான். அம்மா வெளிநாடு போனதும் அவள் அத்தை வீட்டில் இருந்தாள். அத்தை கெட்டவளில்லை. பீடி இலை வெட்ட ஆளில்லாத நாளில் "இன்னைக்கு ஒரு நாளைக்கு வீட்ல இருட்டி" என்றாள். ஒரு நாள் இரண்டானது, இரண்டு வாரமானது. பிறகு ஸ்கூல் பையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார்கள்.

"நானா எப்படி டீச்சர் சொல்லுவேன்? அவ அங்கன குளிர்ல கெடந்து கஷ்டப்படுதா. கேட்டான்னா சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போனைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். பள்ளிக்கூடம் போறியாட்டினு ஒரு வார்த்த. கேக்கவேயில்ல."

முப்பிடாதியின் கண்கள் நிரம்பின. கை நீண்டு மகளின் முழங்காலைப் பிடித்தது. அவள் உள்ளே என்னவோ தவித்தது டீச்சருக்கே தெரிந்தது. ஏன், எதற்கு, என்ன ஆயிற்று என்று எத்தனையோ முட்டி மோதியிருக்கும். வாயில் வந்தது ஒன்றுதான்.

"நீ பள்ளிக்கூடம் போகலை," என்றாள் முப்பிடாதி.

ஹெப்சிபா டீச்சரின் ஏழு நிமிடப் புல்லரிப்பு அங்கே முடிந்தது.

இத்ரீஸ் மூன்று நாள் முப்பிடாதியைத் தொப்பியில் உட்காரவைத்துப் பார்த்தான். நாலாம் நாள் காலையில் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். தாடியை நீவிக்கொண்டே இருந்தான். பள்ளியில் ரேங்க் கார்டு நீட்டும்போதும் அவன் இப்படித்தான் முகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பான், அப்போது தாடிதான் இல்லை.

"மூளையில இங்கிலீஷுக்கு ஒரு ரூம், தமிழுக்கு ஒரு ரூம்னு தனித்தனியா இருக்கும்னு நெனச்சேன் டீச்சர். அப்படி இல்ல. சொல்லுறதும் கேள்வி கேக்குறதும் மொழிக்கும் முந்தின விஷயம். நாம சொல்லுறதுக்கு மட்டும் தார் ரோடு போட்டுக் குடுத்துட்டோம். நல்ல ரோடு கெடச்சதும் எல்லா நெனப்பும் அந்த வழியிலயே போக ஆரம்பிச்சிருச்சு. கேக்குற பாதையில நடமாட்டம் இல்ல. புல்லு முளைச்சுக் கெடக்கு."

"எல்லாருக்குமா?"

"பத்துப் பேர் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிச்சேன். பத்துப் பேர் வீட்லயும் இதே கதைதான். ஒருத்தர் புருஷன் சொல்லுதாரு, என் பொண்டாட்டி என்கிட்ட கோவிச்சுக்கிட்டா போலனு. ஆறு மாசமா மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காராம்."

"ஆலைக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

இத்ரீஸ் மேசையில் இருந்த ஆலைக் கடிதத்தை டீச்சர் பக்கம் தள்ளினான். படிக்க அவனுக்கே கூச்சமாக இருந்தது. அதில் பாராட்டு மழை. இந்தப் பெண்கள் வேலையை நடுவில் நிறுத்துவதில்லை, எதற்காக இப்படி என்று மேற்பார்வையாளரை மடக்குவதில்லை, விடுமுறை எப்போது என்று நச்சரிப்பதில்லை. இதேபோல் இன்னும் ஐந்நூறு பேர் வேண்டும்.

"ஒரு புகார்கூட வரலைனு சந்தோஷப்பட்டேன் டீச்சர்," என்றான். "புகார் எங்கேருந்து வரும்?"

ஹெப்சிபா டீச்சருக்கு வேறொரு நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன்பு இதே அறை. ஆலையிலிருந்து அவசரமாகக் கேட்டிருந்தார்கள், ஒரே மாதத்தில் முந்நூறு பேர். சொல்லும் வாக்கியங்களைப் பதிக்கப் பதினான்கு அமர்வு போதும். கேள்வி கேட்கும் வாக்கியங்களுக்கு மேலும் இருபது அமர்வு வேண்டும். ஏனென்றால் இங்கிலீஷில் கேள்வி என்பது ஏற்கெனவே அடுக்கிய வாக்கியத்தைக் கலைத்து, துணைவினையைத் தூக்கி எழுவாய்க்கு முன்னால் வைக்கிற வேலை. முதல் அடுக்கு இறுகும்வரை காத்திருந்துதான் கலைக்க முடியும். "என்ன டீச்சர் செய்ய? கேள்வி இல்லாம அனுப்பலாமா?" என்று இத்ரீஸ் கேட்டான். டீச்சர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"வேலைக்குப் போறவளுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சாப் போதும். கேள்வியைச் சாய்ஸ்ல விட்டுருவோம்."

வாயில் அப்படி வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். பரீட்சையில் கூற்றைக் கேள்வியாக மாற்றுக என்று ஐந்து மார்க்குக்கு ஒரு பகுதி வரும். அதற்குப் பதிலாக எழுத இன்னொரு பகுதியும் இருக்கும். கேள்விப் பாடத்தை நடத்த எட்டு வகுப்பு பிடிக்கும், அதையும் நடத்திவிட்டுப் பிள்ளைகள் தப்பாக எழுதினால் ரிசல்ட் அடிவாங்கும். ஆகவே ஹெப்சிபா டீச்சரின் வகுப்பில் அந்தப் பாடத்தின் பக்கங்களைப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு விட்டுவிடுவார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி. கலெக்டர் கையால் கேடயம். கேள்வி கேட்கத் தெரியாததால் யாரும் பெயிலானதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அப்படி இல்லை. மூன்று பெண்களை எழுப்பி வகுப்பின் முன்னால் வரிசையாக நிறுத்துவார். ஒருத்தி எழுவாய், ஒருத்தி துணைவினை, ஒருத்தி வினை. அப்படியே நின்றால் கூற்று. அவர் கைதட்டியதும் நடுவில் இருப்பவள் முன்னால் ஓடி நிற்க வேண்டும். உடனே அது கேள்வி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலைமையாசிரியர் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து யாரும் எழுந்து ஓடவில்லை. டீச்சர் வேலைக்குப் புதியவர், பயந்துவிட்டார். பயம் பிறகு வசதியாகிவிட்டது. அந்த வசதிக்கு நல்லாசிரியர் என்று பெயரும் கிடைத்தது.

"இத்ரீஸ்," என்றார் டீச்சர். "இப்ப அதைப் பதிக்க முடியாதா?"

"வார்ப்பு ஒண்ணரை வருஷம் வரைக்கும் கொஞ்சம் நெகிழ்வா இருக்கும். முப்பிடாதிக்கு இன்னும் ஏழு மாசம் மிச்சமிருக்கு. மத்தவங்களும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆனா அவங்க எல்லாம் அங்கன இருக்காங்க. இவங்ககிட்டப் பலிச்சா ஒப்பந்தத்த முறிச்சாவது மத்தவங்களக் கூப்பிட்டுக்கிடலாம். நான் கூப்பிடுதேன். வாக்கு குடுக்கேன்."

"அப்ப ஆரம்பி."

"ஒரு சிக்கல். சொல்லுற அடுக்கு உங்க தலையில இருந்து எடுத்தது. அதுக்குமேல வேற ஆளோட கேள்வியை ஒட்டினா ஒட்டாது. உங்க கேள்விதான் வேணும். முதல்ல நீங்க தொப்பியில உக்காந்து கேக்கணும். ஒரு வாரம், பத்து நாள். முதல் நாலு நாள் பதிவு கெடச்சதுமே அவங்களுக்கும் ஆரம்பிச்சிரலாம்."

"உக்காருதேன். எத்தனை நாள்னாலும் உக்காருதேன்."

அன்று சாயங்காலமே டீச்சர் பஸ் ஏறி முக்கூடல் போனார். அத்தை வீட்டு முற்றத்தில் ஆவுடை முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி நிற்காமல் ஓடியது. அது இந்த வேலைக்குப் பழகிப்போன கை. முப்பிடாதி சுவரோரம் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசத்துல சரியாயிரும் ஆவுடை. பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள சரியாயிரும். திரும்ப ஒன்பதாம் வகுப்புல சேர்ந்துக்கோ. நான் உங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டப் பேசுதேன்."

ஆவுடை கத்தரியை நிறுத்தவில்லை. "நீங்க சொல்லி நான் போகமாட்டேன் டீச்சர். அவ கேக்கட்டும். ஒரே ஒரு தடவ எங்கம்மாவா கேக்கட்டும். மறுநாளே பையை எடுத்து மாட்டிக்கிட்டுப் போறேன். இல்லைன்னா எனக்கு இதுவே போதும்."

"கேப்பா."

"நெசமாவா?"

"நான் பொறுப்பு," என்றார் ஹெப்சிபா டீச்சர். வாழ்க்கையில் அவ்வளவு மனசார அவர் எதையும் சொன்னதில்லை.

மறுநாள் தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். முதுகு விட்டுப்போயிற்று, கழுத்தில் பொட்டலம் கட்டியதுபோல வீக்கம். இருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. முப்பத்தோரு வருஷத்துச் சரக்கு. இங்கிலீஷில் கேட்டார், தமிழில் கேட்டார். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வி, யார் எது எங்கே என்று தொடங்கும் கேள்வி, ஒன்றையும் விடவில்லை. முன்பு கோடு போட்டு விட்ட பக்கங்களுக்கெல்லாம் சேர்த்துவைத்துக் கேட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இத்ரீஸ் அசந்துபோனான்.

"கேள்வினா கடைசியில ஒரு ஆட்டம் இருக்கும் டீச்சர், என்ன பதில் வருமோனு. உங்களுக்கு அதுகூட இல்ல. கோடு போட்ட மாதிரி நிக்குது. இவ்வளவு சுத்தமான பதிவு நான் பாத்ததே இல்ல."

டீச்சருக்கு அந்தக் களைப்பிலும் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதிலும் தப்பைத் திருத்திக்கொள்ள முடிகிறதே என்று கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

முப்பிடாதி இருபது அமர்வும் தவறாமல் வந்தாள். எதற்கு, எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஒரே ஒரு நாள் மட்டும் தொப்பியைக் கழற்றும்போது டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மக என்கிட்டப் பேசமாட்டேங்கா. எனக்குத் தொண்டையில என்னமோ நிக்கு," என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. டீச்சர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு மூன்று நாள் இருக்கும்போது இருபதாவது அமர்வு முடிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆவுடையை வரச்சொல்லியிருந்தார்கள். அவள் தலைவாரிப் பூ வைத்து, நல்ல பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நம்பிக்கை இல்லாதவள்போல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றாள், முடியவில்லை. டீச்சர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்ரீஸ் கண்ணாடிக்கு வெளியே திரையோடு நின்றான்.

முப்பிடாதி மகளை ஏறிட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை நெற்றி சுருங்கவில்லை.

"ஆவுடை, நீ சாப்ட்டியா?"

கண்ணாடிக்கு வெளியே இத்ரீஸ் இரண்டு கைகளையும் உயர்த்தினான். டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆவுடையின் முகம் மொத்தமாக உடைந்து, அழுகையும் சிரிப்புமாக ஒழுகியது.

"சாப்ட்டேம்மா. இட்லி. அத்தை சுட்டா."

"எந்த மாசத்துல இருந்து பள்ளிக்கூடம் போகலை?"

"ஆடியில இருந்தும்மா."

"சரி. எதுக்காகப் போகலை? ரெண்டு காரணம் சொல்லு."

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள். முப்பிடாதி முதுகை நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, மகளின் நெற்றிக்குமேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை, ஆவுடை தானாகவே எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை வீட்ல இலை வெட்ட ஆளில்ல."

"ஒண்ணு."

"நீ… நீ கேக்கல. கேட்டா சொல்லணும்னு இருந்தேன்."

"சத்தமா சொல்லு. கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

அந்த அறையில் மொத்தம் மூன்று நாற்காலிகள்தான் இருந்தன. ஆவுடை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீ கேக்கல," என்று சத்தமாகச் சொன்னாள்.

"ரெண்டு. வெரி குட். உக்காரு."

அந்த வெரி குட் ஹெப்சிபா டீச்சருடையது. அந்தத் தாடை அவருடையது. எதிரில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் நெற்றிக்குமேல் பார்க்கும் பார்வையும் அவருடையதுதான். ஒன்பது நாள் தொப்பியில் உட்கார்ந்து அவர் கொட்டிக்கொடுத்த கேள்விகளில் பதில் தெரியாமல் கேட்ட கேள்வி ஒன்றாவது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. எந்தக் கேள்வியையும் அவர் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார். கேள்வியின் கடைசியில் ஓர் ஆட்டம் இருக்கும் என்று இத்ரீஸ் சொன்னானே, அந்த ஆட்டம் எப்படி வரும்? ஒரு தடவை ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மேசையில் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் நின்று, வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்டார். அவள் எழுதியிருந்தாள். நோட்டைக் காட்டினாள். டீச்சர் டிக் போட்டுவிட்டு நகர்ந்துபோனார். ஓசூரில் இருக்கும் மகனிடம் ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசுகிறார். சர்ச்சுக்குப் போனியா, மாத்திரை போட்டியா, வண்டியை மெதுவா ஓட்டுதியா. ஆமாம்மா, ஆமாம்மா, ஆமாம்மா. போனை வைத்துவிடுவான். அவனுக்கு என்ன குறை என்று இந்தப் பத்து வருஷத்தில் அவருக்குத் தெரியாது. இந்த ஒரு நிமிடம் வரை அது தனக்குத் தெரியாது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கத்தில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு இத்ரீஸ் உள்ளே வந்தான். சின்னப் பையன்போலக் குதித்தான்.

"வேலை செஞ்சிருச்சு டீச்சர்! பாதை திறந்திருச்சு. இன்னைக்கே எல்லாருக்கும் தகவல் அனுப்புதேன். முந்நூத்திப் பன்னெண்டு பேரையும் கூப்பிட்டுருவோம். ஒண்ணரை வருஷம் முடியுறதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணிருவோம்."

"இத்ரீஸ், கொஞ்சம் பொறு."

"எதுக்கு டீச்சர்? நீங்களே பாத்தீங்கல்ல? கேட்டாங்கல்ல?"

முப்பிடாதிக்கு வேறொருவர் தலையிலிருந்து எடுத்தால் ஒட்டாது என்று அவனே சொல்லியிருந்தான். டீச்சரின் தலையில் இருந்ததைத் தவிர வேறு கிடைக்காது. கொடுக்க முடிந்ததையெல்லாம் அவர் கொடுத்தாகிவிட்டது.

முப்பிடாதி கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் இருந்தன. இத்ரீஸ் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனான். கண்ணாடி வழியாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பேனாவை வாங்கியதும் எந்தெந்தப் பக்கத்தில் கையெழுத்து, எத்தனை, எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்ரீஸ் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் எழுந்து நின்றுதான் சொன்னான்.

ஆவுடை வெளியே தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அவளிடம் போனார்.

"நாளான்னிக்குப் பள்ளிக்கூடம் போறேன் டீச்சர்," என்றாள் ஆவுடை. "சொன்னேன்லா. அவ கேட்டுட்டா. நான் வாக்கு மாறமாட்டேன்."

"சரிம்மா."

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைத்தார். உனக்கு எப்படி இருக்கிறது என்று, உனக்கு என்ன வேண்டும் என்று. நாக்கு வரை வந்தது. அதைக் கேட்டால் இந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாய் மூடிக்கொண்டது.

ஆவுடை கண்ணாடிக்குள் இருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எங்கம்மா எப்ப வருவா?"